வேலை குறையும்போது சொத்து மதிப்பீட்டாளர் என்ன செய்யலாம்: முழுமையான வழிகாட்டி

வேலை குறைவது ஒரே நாளில் தெரிவதில்லை. "அறிக்கை எப்போ வரும்?" என்று நாளுக்கு மூன்று முறை நச்சரித்த வங்கி அதிகாரி, நாம் சொல்லும் தேதிக்கு மறுபேச்சில்லாமல் சரி என்பார். ராத்திரி பத்து மணி வரை இழுக்கும் எழுத்து வேலை மதியத்துக்கே முடிந்துவிடும். முதல் இரண்டு வாரம் அது நிம்மதியாகக்கூட இருக்கும். மாதக் கடைசியில் பில் போட உட்காரும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

அந்தக் கலக்கத்தில் நம்மில் பலர் கட்டணத்தைக் குறைக்கிறோம், இல்லாவிட்டால் சந்தை திரும்பும் என்று காத்திருக்கிறோம். மதிப்பீடு என்றாலே கடனுக்கான மதிப்பீடுதான் என்று மனதில் பதிந்துபோனதால் வரும் வினை இது. கடன் கொடுப்பது குறைந்தால் கடனுக்கான அறிக்கை குறையும், அவ்வளவுதான். மனிதர்கள் இறப்பதும், அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதும், கூட்டாளிகள் முறைத்துக்கொள்வதும், வரி அலுவலகம் மதிப்பைக் கூட்டிப் போடுவதும் வட்டி விகிதத்தைப் பார்த்து நடப்பதில்லை. அந்தப் பக்கம் எப்படி நகர்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டமும் உரிமமும் நாட்டுக்கு நாடு மாறும். நான் காட்டும் உதாரணங்களில் பல அமெரிக்காவைச் சேர்ந்தவை, காரணம் அங்கே எண்கள் பொதுவெளியில் தெளிவாகக் கிடைக்கின்றன.

படி 1: எது நின்றது என்று எண்ணிப் பாருங்கள்

கடைசி மூன்று வருட வேலைப் பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு வேலைக்கு எதிரேயும் யார் கேட்டார், எதற்காகக் கேட்டார் என்று எழுதுங்கள். சொத்து வீடா, கடையா, காலிமனையா என்பதெல்லாம் அப்புறம். "எதற்காக" என்ற பத்திதான் முக்கியம். ஒரே வங்கி, ஒரே அதிகாரி; ஆனால் ஒரு அறிக்கை புதுக் கடனுக்கு, இன்னொன்று தவணை கட்டாமல் வங்கி கையகப்படுத்திய வீட்டுக்கு. இரண்டையும் "வங்கி வேலை" என்று ஒரே கணக்கில் எழுதினால் ஒன்றும் புரியாது. மந்தத்தில் முதலாவது குறையும், இரண்டாவது கொஞ்ச காலம் கழித்துக் கூடும்.

அரை நாள் வேலை இது. முடிவில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும்: பத்தில் ஏழு எட்டு வேலை இரண்டே வாடிக்கையாளரிடமிருந்து வந்திருக்கும். வேலை குறைந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் அந்த இரண்டு பேரின் வேலை குறைந்திருக்கும்.

படி 2: திரும்பி வருவது எது, வராதது எது

சரி, நின்றது எது என்று தெரிந்துவிட்டது. அது திரும்ப வருமா? இங்கே இரண்டு விதமான குறைவைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வட்டியோடு ஏறி இறங்குவது. அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி, வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபிரெடி மேக் நிறுவனத்தின் கணக்குப்படி, 2021 ஜனவரியில் 2.65 சதவீதம். 2023 அக்டோபரில் அதுவே 7.79. மூன்று சதவீதத்துக்குக் கடன் வைத்திருப்பவர் அதை ஏழுக்கு மாற்றிக்கொள்ள மாட்டார். வீட்டை விற்கவும் யோசிப்பார், ஏனென்றால் அடுத்த வீட்டை ஏழு சதவீதத்தில் வாங்க வேண்டும். 2023இல் அங்கே கைமாறிய பழைய வீடுகள் சுமார் 40.9 லட்சம், 1995க்குப் பிறகு அதுவரை இல்லாத குறைந்த எண்ணிக்கை. இரவு பகலாக ஓடிய மதிப்பீட்டாளர்கள் இரண்டே வருடத்தில் சும்மா உட்கார்ந்தார்கள். இப்படிப் போன வேலை வட்டி இறங்கினால் ஓரளவு திரும்பும்.

இன்னொன்று, விதி மாறியதால் போவது. 2019இல் அமெரிக்க வங்கி ஒழுங்குமுறை அமைப்புகள், உரிமம் பெற்றவரின் மதிப்பீடு கட்டாயமில்லாத வீட்டுப் பரிவர்த்தனைகளின் வரம்பை இரண்டரை லட்சம் டாலரிலிருந்து நான்கு லட்சமாக உயர்த்தின. ஃபிரெடி மேக் போலவே வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேன்னி மே நிறுவனம் 2022 மார்ச்சிலிருந்து, சில வகைக் கடன்களுக்கு மதிப்பீட்டாளர் நேரில் போகாமல் மேசையிலிருந்தே தயாரிக்கும் அறிக்கையை ஏற்கத் தொடங்கியது. சில கடன்களுக்கு அறிக்கையே வேண்டாம் என்கிற ஏற்பாடும் உண்டு. இப்படிப் போன வேலை வட்டி இறங்கினாலும் முழுசாக வராது.

உங்கள் பட்டியலில் ஒவ்வொரு வகை வேலைக்கும் எதிரே "வரும்", "பாதி வரும்", "வராது" என்று பென்சிலால் எழுதுங்கள். மனதைத் தேற்றிக்கொள்ள எழுதாதீர்கள். வெளியாள் ஒருவரின் சொத்தை மதிப்பிடுகிற கண்ணோடு எழுதுங்கள்.

கணினி மதிப்பீட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே அமைப்பில் நூறு வீடு கட்டிய குடியிருப்பில் இயந்திரம் நம்மை விட வேகம், சில சமயம் நம் அளவுக்குச் சரியாகவும் சொல்லும். ஆனால் அமெரிக்காவில் வீட்டு விற்பனை இணையதளம் நடத்தும் ஸில்லோ நிறுவனம், கணினிக் கணிப்பின் துணையோடு வீடுகளை வாங்கி விற்ற பிரிவை 2021 நவம்பரில் மூடுவதாக அறிவித்தது. வீட்டு விலையை முன்கூட்டிக் கணிப்பது எதிர்பார்த்ததை விடக் கடினம் என்று அதுவே ஒப்புக்கொண்டது. ஆக, ஒரே அச்சில் வார்த்த வீடுகளை இயந்திரத்துக்கு விட்டுவிடலாம். பாதி கடை பாதி வீடாக இருப்பது, பாதைத் தகராறு உள்ளது, மூன்று தலைமுறையாகக் கூட்டிக் கட்டியது எல்லாம் நம்முடையவை.

படி 3: கட்டணத்தில் கை வைக்கும் முன் மணிக்கணக்கு

ஒரு அறிக்கைக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகிறது? போய்வர ஒன்றரை மணி, பார்வையிட ஒன்று, ஒப்பீட்டு விற்பனைகளை (அக்கம்பக்கத்தில் விற்ற அதே மாதிரி சொத்துகளை) தேடிச் சரிபார்க்க இரண்டு, எழுத ஒன்றரை, பிறகு வரும் திருத்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒன்று. மொத்தம் ஏழு. இந்தக் கடைசி ஒரு மணியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சில வாடிக்கையாளர்களிடம் அது இரண்டரை மணியாகும், அதைப் பதிவேட்டில் எழுதினால்தான் தெரியும்.

இப்போது கட்டணம் 7 பங்கு என்று வையுங்கள். பயணம், மென்பொருள், தொழில் காப்பீடு, உரிமச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு அறிக்கைக்கு 2 பங்கு போகிறது. கையில் நிற்பது 5. கட்டணத்தை 20 சதவீதம் குறைத்தால் வருவது 5.6, நிற்பது 3.6. அதாவது வருமானம் குறைவது 28 சதவீதம். முன்பு பத்து அறிக்கையில் கிடைத்ததை எடுக்க இனி பதினான்கு எழுத வேண்டும், அதுவும் வேலையே இல்லாத காலத்தில். அடிமாட்டு விலைக்கு ஒப்புக்கொண்ட கட்டணம், சந்தை திரும்பிய பிறகும் அங்கேயே நிற்கும் என்பது இன்னொரு தொல்லை.

விலையைக் குறைக்கச் சொல்கிறார்களா? வேலையின் அளவைக் குறைத்துக் கொடுங்கள். உள்ளே போகாமல் வெளியிலிருந்து மட்டும் பார்ப்பது, ஒரே வாடிக்கையாளர் மட்டும் பயன்படுத்தக்கூடிய சுருக்க அறிக்கை, மதிப்பு சொல்லாமல் அளவும் வரைபடமும் மட்டும் என்று உங்கள் தரவிதிகள் அனுமதிக்கும் வடிவங்கள் இருக்கின்றன. எதைப் பார்க்கவில்லை என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசிப் பக்கத்து நிபந்தனைகளில் ஒளித்து வைத்தால் பிற்பாடு நமக்கே வினை.

வீட்டுச் செலவுக்கு எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்ததே. வெட்டக் கூடாதவை என்று இரண்டை மட்டும் சொல்கிறேன்: தொழில் பொறுப்புக் காப்பீடு, விற்பனைத் தரவுச் சந்தா. பல காப்பீடுகள், புகார் எழும் நாளில் பாலிசி உயிரோடு இருந்தால்தான் பழைய அறிக்கைக்கும் பணம் தரும். நடுவில் விட்டால் இத்தனை வருட அறிக்கைகளும் குடையில்லாமல் நிற்கும்.

படி 4: எண்ணை வளைக்கச் சொல்லி வரும் போன்

மந்தத்தில் இது கூடும். "சார், இந்த எண் வந்தா மாசம் பத்து வேலை தரலாம்" என்று யாரும் அப்படியே சொல்வதில்லை. "பக்கத்துத் தெருவில் ஒரு வீடு நல்ல விலைக்குப் போச்சே, அதைப் பார்த்தீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த விற்பனையைப் பார்ப்பதில் தவறில்லை. பாருங்கள், பொருந்தினால் சேருங்கள், பொருந்தாவிட்டால் ஏன் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். வாய்ச்சொல்லாக மட்டும் முடிக்காதீர்கள்.

மதிப்பு இவ்வளவு வந்தால் கட்டணம் இவ்வளவு என்ற ஏற்பாட்டை அமெரிக்க மதிப்பீட்டுத் தரவிதியான யுஎஸ்பாப் நேரடியாகத் தடை செய்கிறது. அந்த விதிகள் முதலில் வந்தது 1987இல். 1989இல் மதிப்பீட்டாளருக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் வந்தது. இரண்டுக்கும் பின்னணி, 1980களில் அங்கே நூற்றுக்கணக்கான சேமிப்பு, கடன் நிறுவனங்கள் கவிழ்ந்ததுதான். ஊதிவிட்ட மதிப்பீடுகளுக்கும் அதில் பங்கு இருந்தது. பசியோடு இருக்கும் மாதத்தில் எழுதிய அறிக்கையைத்தான் ஐந்து வருடம் கழித்து வக்கீல் ஒருவர் வரிவரியாகப் படிப்பார்.

படி 5: வேறு கதவுகள்

இதில்தான் நேரத்தைப் போட வேண்டும். எல்லாக் கதவையும் ஒரே சமயத்தில் தட்ட வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்த இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரிசு, பாகப்பிரிவினை வேலை. ஒருவர் மூன்று வருடம் முன்பு இறந்திருப்பார், இன்றுதான் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது இன்றைய மதிப்பு அல்ல, இறந்த தேதியின் மதிப்பு. அமெரிக்காவில் மரபுரிமைச் சொத்தின் அடக்கவிலை, அதாவது பிறகு விற்கும்போது லாபத்தைக் கணக்கிட எடுக்கும் அடிப்படை விலை, பொதுவாக அந்தத் தேதியின் மதிப்பை வைத்துத்தான் அமைகிறது. பழைய தேதிக்கு மதிப்பிடுவது வங்கி வேலை மட்டும் செய்தவருக்குப் புது அனுபவம். நீங்கள் போய் நிற்கும் வீடு அந்த வீடு அல்ல. இடையில் கூரை மாற்றியிருப்பார்கள், சமையலறையை இடித்துக் கட்டியிருப்பார்கள். அதனால் பார்வையிடப் போகும் முன்பே வாரிசுகளிடம் கேட்டு வாங்குங்கள்: அந்த வருடத்துப் பண்டிகை, பிறந்தநாள் போட்டோக்கள் (பின்னணியில் சுவரும் தரையும் தெரியும்), பழுதுபார்த்த ரசீதுகள், குடியிருந்தவர் விவரம். கூகுள் எர்த்தில் பழைய வான்படங்களைத் தேதிவாரியாகப் பார்க்கலாம், பின்பக்கக் கொட்டகை எந்த வருடம் முளைத்தது என்பது அதில் தெரிந்துவிடும். விற்பனை ஆதாரங்களில், அந்தத் தேதியில் சந்தையில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கக்கூடியவற்றையே அடிப்படையாக வையுங்கள். பிறகு நடந்த விலை ஏற்றத்தைத் தெரியாமல்கூட உள்ளே விட்டுவிடக் கூடாது. கண்ணால் பார்க்காத நிலையை எந்த அனுமானத்தில் எடுத்தீர்கள் என்பதைத் தனியாக எழுதுங்கள்.

இன்னொன்று: வாரிசுகளில் யார் உங்கள் வாடிக்கையாளர் என்பதை முதல் நாளே எழுத்தில் முடிவு செய்யுங்கள். மூத்தவர் கூப்பிட்டார், இளையவர் பணம் தந்தார், தங்கைதான் அறிக்கையைக் கேட்கிறார் என்றால் நடுவில் மாட்டிக்கொள்வது நாம்தான்.

விவாகரத்து, கூட்டுத் தொழில் பிரிவு, வழக்கு. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் மதிப்பீட்டாளர், பணம் தருபவரின் ஆள் அல்ல. இங்கிலாந்தின் சிவில் நடைமுறை விதிகளில் 35ஆம் பகுதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது: நிபுணரின் கடமை முதலில் நீதிமன்றத்துக்கு. இந்த வேலை எல்லோருக்கும் ஒத்து வராது. குறுக்கு விசாரணையில் வாய் குழறுபவராக இருந்தால், சாட்சிக் கூண்டுக்குப் போகாத வேலையும் உண்டு: எதிர்த்தரப்பு அறிக்கையை மறுஆய்வு செய்து, அதில் எங்கே ஓட்டை என்று வக்கீலுக்குச் சொல்வது.

சொத்துவரி முறையீடு. விலை இறங்கும் காலத்தில், உச்சத்தில் போட்ட வரி மதிப்பு அப்படியே நிற்கும், மக்கள் கொதித்துப் போவார்கள். இதில் இரண்டு தேதிகள் உயிர்நாடி: எந்தத் தேதியின் விலையை எடுக்க வேண்டும் என்று வரிச் சட்டம் சொல்லும் மதிப்பு நாள், முறையீட்டுக்கான கடைசி நாள். இரண்டாவது தேதிக்கு இரண்டு மாதம் முன்பே ஆட்களைச் சந்தித்துவிட வேண்டும். வரி குறைந்தால் அதில் பங்கு என்ற கட்டணம் இங்கேயும் கூடாது.

காப்பீட்டு மதிப்பு. வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதுதான் கேள்வி. நிலம் கணக்கில் வராது, இடிபாடு அகற்றுவதும் வரைபடம் போடுபவரின் கூலியும் வரும். சந்தை மதிப்பு எழுதிப் பழகியவர் கை தானாக நிலத்தைச் சேர்த்துவிடும், கவனம். கட்டுமானச் செலவு தெரிந்த பொறியாளர் பின்னணி உள்ளவர்களுக்கு இது நல்ல கதவு.

நிறுவனக் கணக்குக்கான மதிப்பு. சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் நிறுவனங்கள், முதலீட்டுச் சொத்தை நியாய மதிப்பில் (வாங்கிய விலையில் அல்ல, அன்றைய சந்தையில் போகக்கூடிய விலையில்) காட்டத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு வருடக் கணக்குக்கும் மதிப்பு தேவைப்படும். இங்கே அறிக்கையைப் படிப்பவர் தணிக்கையாளர், அவருக்கு அழகான போட்டோக்கள் வேண்டாம், எந்த வாடகை, எந்த வருவாய் விகிதம், ஏன் என்று வேண்டும். சர்வதேச மதிப்பீட்டுத் தரநிலைகளின் புதுப் பதிப்பு 2025 ஜனவரி 31 முதல் நடைமுறையில் உள்ளது. அதைப் படிக்காமல் இந்தக் கதவைத் தட்ட வேண்டாம்.

அரசு நிலம் எடுக்கும்போது இழப்பீட்டு மதிப்பு, விற்பதற்கு முன் உரிமையாளருக்கு ஆலோசனை மதிப்பு, குத்தகை புதுப்பிப்பு ஆகியவையும் இருக்கின்றன. முன்னனுபவம் இல்லாத வகை என்றால், அதைச் செய்துவரும் ஒருவரோடு சேர்ந்து முதல் இரண்டு அறிக்கையை எழுதுங்கள். கட்டணத்தில் பாதி போகட்டும்.

படி 6: கதவைத் தட்டும் விதம்

வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் மின்னஞ்சல் குண்டு போடுவதில் பலன் இல்லை. "எல்லா வகை மதிப்பீடும் செய்து தரப்படும்" என்ற அட்டையை யாரும் நினைவில் வைப்பதில்லை. அவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட தலைவலி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். நான் அனுப்பிய கடிதங்களில் பதில் வந்தது இந்த மாதிரிதான்:

"இறந்த தேதிக்கான சொத்து மதிப்பு அறிக்கைகள் செய்கிறேன். ஆவணங்கள் கைக்கு வந்தபின் பத்து வேலை நாளில் அறிக்கை தருவேன். என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற ஒரு பக்கப் பட்டியலை இணைத்திருக்கிறேன். என்னிடம் வேலை கொடுக்காவிட்டாலும் உங்கள் கட்சிக்காரருக்கு அது உதவும்."

வேலை கொண்டுவந்தது அந்த ஒரு பக்கப் பட்டியல்தான். வக்கீலின் குமாஸ்தா அதை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுப்பார், கீழே நம் பெயர் இருக்கும். நேரில் போகும்போது பெயர், முகவரி, எண்கள் எல்லாம் மறைத்த மாதிரி அறிக்கை ஒன்றை எடுத்துப் போங்கள். அதுவும் வாடிக்கையாளர் ரகசியம் கசியாதபடி, கற்பனைச் சொத்துக்கு எழுதியதாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் வேலை வர மூன்று நான்கு மாதம் ஆகலாம். அதனால்தான் சேமிப்பு இருக்கும்போதே ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

படி 7: சும்மா இருக்கும் நேரத்தில் தரவுக் கோப்பு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நம் பணிக்கோப்புகளில் எவ்வளவு அளவு கிடக்கிறது என்று நமக்கே தெரியாது. யுஎஸ்பாப் கோப்பை ஐந்து வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது, வழக்கு இருந்தால் அது முடிந்து இரண்டு வருடம் வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. அந்தக் குவியலைத் தோண்டுங்கள்.

முதலில் மறுவிற்பனைகளைத் தேடுங்கள். மாற்றம் எதுவும் செய்யாத ஒரே வீடு, முதலில் 100க்கு விற்று, பதினான்கு மாதம் கழித்து 94க்கு விற்றது என்றால், மாதத்துக்குச் சுமார் 0.43 சதவீதம் இறக்கம். ஒரு வீட்டை வைத்து முடிவுக்கு வர முடியாது. இப்படி பதினைந்து இருபது சேர்த்தால், "சந்தை இறங்குகிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுதும் இடத்தில் ஒரு எண்ணை வைக்கலாம். மந்தத்தில் ஒப்பீட்டு விற்பனைகள் குறைவு, இருப்பவையும் பழசு. காலத் திருத்தத்துக்கு, அதாவது பழைய விற்பனை விலையை மதிப்பு நாளின் நிலைக்கு மாற்றுவதற்கு, ஆதாரம் வைத்திருப்பவரின் அறிக்கைதான் நிற்கும். நடுநிலை விலை (விற்ற விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தக் காலாண்டில் சின்ன வீடுகள் அதிகம் விற்றிருந்தாலே அது இறங்கும்.

அடுத்து ஜோடி விற்பனைகள். ஒரே வரிசை, ஒரே அமைப்பு, ஒன்றில் மட்டும் கூடுதல் குளியலறை. விலை வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். இப்படிப்பட்ட வித்தியாசங்களுக்கு வருடக்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவந்த திருத்தத் தொகைகள் எவ்வளவு தவறு என்று முதல் பத்து ஜோடியிலேயே தெரியும். எனக்குத் தெரிந்தது, வெட்கமாகத்தான் இருந்தது.

அளவெடுக்கும் முறையையும் இதே சமயத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபேன்னி மே 2022 ஏப்ரலிலிருந்து தனி வீடுகளுக்கு அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஆன்சியின் அளவுமுறையைக் கட்டாயமாக்கியபோது, சாய்கூரை அறைகளை இத்தனை நாள் இஷ்டப்படி அளந்துவந்தவர்கள் தடுமாறினார்கள்.

படி 8: பக்க வருமானம்

சுருக்கமாகச் சொல்கிறேன். வகுப்பெடுப்பது, பிறர் அறிக்கையை மறுஆய்வு செய்வது, வரி அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்வது எல்லாம் நல்லது. தரகு வேலையில் இறங்கினால், அதே பகுதியில் மதிப்பீடும் செய்வது சிக்கல். சட்டம் சில இடங்களில் அனுமதித்தாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது அல்வா. வரி அலுவலகத்தில் இருந்துகொண்டு அதே ஊரில் வரி முறையீட்டுக்கு எழுதுவதும் அப்படித்தான்.

படி 9: போன் மறுபடி அடிக்கும்போது

வட்டி இறங்கும், பழைய அதிகாரி கூப்பிடுவார், ஒரே வாரத்தில் பன்னிரண்டு வேலை என்பார். அப்போது பதிவேட்டின் அந்த "எதற்காக" பத்தியை எடுத்துப் பாருங்கள். எந்த ஒரு வாடிக்கையாளரும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்வது என் கணக்கு. உங்களுடையது கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். பன்னிரண்டில் ஏழை எடுத்து, மீதிக்குத் தேதி தள்ளிக் கேளுங்கள், பழைய கட்டணத்துக்கு அல்ல, மணிக்கணக்கு சொல்லும் கட்டணத்துக்கு. பாகப்பிரிவினைக் கட்சிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய வியாழக்கிழமை மதியத்தை மட்டும் வங்கிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.